கருகிய நெட் துண்டு

மதுரை,
ஞாயிறு இரவு

அன்புள்ள மீனா,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி மட்டும் விட்டபாடில்லை. மாப்பிள்ளைக்குச் சென்னைக்கே மாற்றல் கிடைத்துவிட்டது. நாலு மாதமாக எழுதவில்லை என்று திட்டாதே, நீயும்தான் எழுதவில்லை. முந்திரிப் பருப்புக் கணக்கு இன்னும் பாக்கி இருக்கிறது, அதை நேரில் வைத்துக்கொள்வோம்.

போன மாதம் ஒரு பள்ளி ஆண்டுவிழாவுக்குப் பன்னிரண்டு ஃப்ராக் தைத்தேன். வண்ணத்துப்பூச்சி டான்ஸ். பாலே ஆடுகிறவர்கள் போடும் டூட்டூ மாதிரி வேண்டும் என்று போனில் படம் காட்டினார்கள். ஐந்து அடுக்கு நெட், அடுக்குக்கு அடுக்கு சுருக்கு. மேடை ஓரத்தில் குத்துவிளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஆறாவதாகப் போன குழந்தை ஒரு சுற்றுச் சுற்றினாள். பாவாடை ஓரம் திரியில் பட்டுவிட்டது. நான் எழுந்து நிற்பதற்குள் அவள் இடுப்பு வரை வெளிச்சம். யாரோ ஜமக்காளத்தை உருவி அவளைச் சுற்றி அமுக்கினார்கள். தொடையில் ஒரு கொப்புளத்தோடு போயிற்று. உள்ளே இருந்த காட்டன் லைனிங்தான் காப்பாற்றியது. ஆனால் மீனா, லைனிங் துணி பற்றாமல் நாலு ஃப்ராக்குக்கு நான் பாதி நீளம்தான் வைத்திருந்தேன். அந்த நாலில் ஒன்றை இந்தப் பிள்ளை போட்டிருந்தால்? இதே நினைப்பு. தூக்கம் போய்விட்டது.

அப்புறம்தான் இந்த டூட்டூ எங்கிருந்து வந்தது என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன். 1832-இல் பாரிஸ் ஓபரா தியேட்டரில் மரீ தாலியோனி என்கிற பெண் 'லா சில்ஃபீட்' என்ற பாலேயில் காற்றுத் தேவதையாக ஆடினாள். கெண்டைக்கால் வரை மணி மாதிரி விரிந்த வெள்ளைப் பாவாடை. அதற்குப் பத்து வருஷம் முன்னால்தான் அந்த ஓபராவுக்கு காஸ் விளக்கு வந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் மெல்லிய வெள்ளைத் துணி பனி மாதிரித் தெரியுமாம். கால் தரையில் படவில்லை என்றே ஜனங்களுக்குத் தோன்றியிருக்கும். பிறகு எல்லா நடனக்காரிகளுக்கும் அதே பாவாடைதான். துணியை இவ்வளவு லேசாக்கினால் அடுக்குகளுக்கு நடுவே காற்று நிற்கும், அதுதான் அழகு. தீக்கும் அதுதானே வேண்டும்! 1844-இல் லண்டன் ட்ரூரி லேன் தியேட்டரில் கிளாரா வெப்ஸ்டர் என்ற பெண் இப்படித்தான் மேடையிலேயே பற்றிக்கொண்டு, மூன்று நாளில் செத்துப்போனாள்.

என்னை உலுக்கியது அதே பாரிஸ் ஓபராவில் ஆடிய எம்மா லிவ்ரியின் கதை. தாலியோனியே தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்த பெண். 1860-இல் அவளுக்காகத் தாலியோனி ஒரு பாலே அமைத்தாள். பேர் என்ன தெரியுமா? 'வண்ணத்துப்பூச்சி'. அதில் வண்ணத்துப்பூச்சி தீப்பந்தத்தை நோக்கிப் போய்ச் சிறகைச் சுட்டுக்கொள்ளும். படித்தபோது போனைக் கீழே வைத்துவிட்டேன்.

அந்தக் காலத்திலேயே தீப்பிடிக்காமல் துணியைப் பக்குவம் செய்ய கார்த்தரோன் என்பவரின் மருந்து இருந்தது. அதில் முக்கி எடுத்த உடைகளைத்தான் போட வேண்டும் என்று 1859-இல் அரசாணையே வந்தது. ஆனால் முக்கினால் துணி விறைத்துவிடும், நிறம் மங்கிவிடும். நடனக்காரிகள் மாட்டேன் என்றார்கள். எம்மா எழுதியே கொடுத்துவிட்டாள், என் சாதாரணப் பாவாடையில்தான் ஆடுவேன், எது நடந்தாலும் பொறுப்பு என்னுடையது என்று. 1862 நவம்பர் 15 அன்று ஒரு ஒத்திகை. தன் முறைக்காகக் காத்திருந்தவள், கசங்கக்கூடாதே என்று பாவாடையை உதறி விரித்தாள். அந்தக் காற்றில் காஸ் விளக்கின் சுடர் துணிக்குத் தாவியது. எரிந்தபடியே மேடை முழுக்க ஓடினாளாம். ஒரு தீயணைப்புக்காரர் கம்பளியைப் போட்டு அமுக்கினார். எட்டு மாதம் வேதனைப்பட்டு, 1863 ஜூலையில் போய்ச் சேர்ந்தாள். இருபதை ஒட்டிய வயசு. எரிந்தது போக மிஞ்சிய துணியை ஓபராவின் நூலகத்தில் பத்திரமாக வைத்திருக்கிறார்கள்.

அவளை எனக்குத் திட்ட வரவில்லை. நாம் தைத்த ஒன்றைக் கஞ்சியில் போட்டு விறைப்பாக்கு என்றால் உனக்கும் எனக்கும் மனசு வருமா?

அதற்கப்புறம் பாவாடை ஏறிக்கொண்டே போயிற்று. கால் வேலை தெரிய வேண்டும் என்று 1880-களில் இத்தாலிய நடனக்காரிகள் குட்டையாக்கினார்கள். பிறகு தட்டு மாதிரி படுக்கையாக நிற்கிற டூட்டூ வந்தது. 1950-இல் நியூயார்க்கில் கரின்ஸ்கா என்கிற தையற்காரம்மா உள்ளே வளையம் இல்லாமலே பவுடர் பஃப் மாதிரி ஒன்று தைத்தாள். அதன் வெட்டைப் பற்றி உன்னிடம் நாள் முழுக்கப் பேசுவேன், இன்றைக்கு மனசில்லை.

இப்போது நாம் வாங்குவது நைலான் நெட். பற்றினால் உருகிச் சொட்டும், தோலில் ஒட்டிக்கொள்ளும். கருகிய பாவாடையை அந்தக் குழந்தையின் அம்மாவிடம் கேட்டு வாங்கி மிஷின் டிராயரில் வைத்திருக்கிறேன். ஓரமெல்லாம் சுருண்டு, கடுகு கடுகாகக் கெட்டியாகிக் கிடக்கிறது.

மார்கழிக்கு நாற்பது ஃப்ராக் ஆர்டர் எடுத்திருக்கிறாய் என்று சாந்தா சொன்னாள். மீனா, நாற்பதுக்கும் முழு நீளத்துக்குக் காட்டன் லைனிங் வை. துணிக் காசு கட்டாது என்றால் நான் பாதி போடுகிறேன். விளக்கை மேடையிலிருந்து இறக்கிவைக்கச் சொல். சொல்ல உனக்குக் கூச்சமாக இருந்தால் நம்பரைக் கொடு, நான் பேசுகிறேன். கனகா டீச்சரிடமே எதிர்த்துப் பேசினவள் நீ, இதற்கா கூச்சம்?

கவரில் புது நெட் ஒரு சாண் வைத்திருக்கிறேன். மொட்டைமாடிக்குப் போய், இடுக்கியில் பிடித்துக் கொளுத்திப் பார். பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் வைத்துக்கொள். பார்த்துவிட்டு அன்றைக்கே போன் பண்ணு.

உன்
சரசு