வணங்காக் கழுத்து யாருடையது?

ஆசிரியர் அவர்களுக்கு,

குமரி மாவட்டத்தில் கன்வென்ஷன் மேடை, வீட்டு ஜெபக்கூட்டம், ஞாயிறு பள்ளி என எங்கே போனாலும் காதில் விழும் சொல் ‘வணங்காக் கழுத்து’. சபைக்கு வராத மகன், கடவுள் இல்லை என்று பேசும் மருமகன், வேறு தெய்வத்தைக் கும்பிடும் அடுத்த வீட்டுக்காரர், எல்லார் மேலும் அது விழுகிறது. உங்கள் நாளிதழின் ஆன்மிகப் பக்கத்திலும் அண்மையில் அதே பொருளில் அச்சானதால்தான் இந்தக் கடிதம். எபிரேய வேதத்தில், அதாவது பழைய ஏற்பாட்டில், அந்தச் சொல் புறத்தாரை நோக்கி வரவில்லை. கர்த்தரோடு உடன்படிக்கைக்குள் இருந்த இஸ்ரவேலரை நோக்கியே வருகிறது. நீதிமொழிகள் 29:1 மட்டும் பொதுப்படப் பேசுகிறது. அங்கும் ஆள் அடிக்கடி கடிந்துகொள்ளப்பட்டவன்தான், ஒன்றும் அறியாதவன் அல்ல.

குழப்பம் தமிழில் இருந்தே தொடங்குகிறது. மூலத்தில் இருப்பது ‘கெஷே ஓரெஃப்’. கெஷே என்றால் கடினம், ஓரெஃப் என்றால் பிடரி. தொழுவது என்ற பேச்சே அதில் இல்லை. நம் மொழியில் ‘வணங்கு’ என்பதற்கு வளைவது, தொழுவது என்று இரண்டு பொருளும் உண்டு. வளையாத கழுத்து என்று பெயர்த்து வைத்த சொல், நம் காதில் தொழாத கழுத்து என்று விழுகிறது.

ஏரில் பூட்டிய மாடு நுகத்தை உதறுவதைச் சொல்லி இதை விளக்குவார்கள். ஓசியா 4:16 இஸ்ரவேலை அடங்காத கிடாரி என்பதால் அந்த விளக்கத்தைத் தள்ளிவிட முடியாது. ஆனாலும் நுகம் ஏறும் கழுத்துக்கு எபிரேயர் வழக்கமாகச் சொல்வது ‘ஸவ்வார்’. ஓரெஃப் என்பது நம்மை விட்டுத் திரும்பிக்கொண்டவனிடம் நமக்குத் தெரியும் பக்கம். எரேமியா 2:27-இல் ஜனங்கள் கர்த்தருக்கு முகத்தைக் காட்டாமல் காட்டியது அதைத்தான். தமிழில் அங்கே முதுகு என்று இருக்கிறது. கூப்பிட்ட குரல் கேட்டும் திரும்பாத பிடரி என்று எடுத்துக்கொண்டால், இந்தச் சொல் வரும் இடங்கள் தெளிவாகும்.

முதல் இடம் யாத்திராகமம் 32:9. அந்த நேரத்தில், எகிப்திலிருந்து மோசே நடத்திவந்த ஜனங்கள் வழிபாட்டை விட்டுவிடவில்லை. தங்களுக்குச் செய்துகொண்ட பொன் கன்றுக்குட்டியைப் பணிந்து, பலியிட்டு, விருந்தும் உண்டுகொண்டிருந்தார்கள். ‘நாளைக்குக் கர்த்தருக்குப் பண்டிகை’ என்று மோசேயின் அண்ணன் ஆரோன் கூறியிருந்தான் (32:5). குனிந்து கும்பிட்டவர்களைத்தான் வேதம் வணங்காக் கழுத்துள்ளவர்கள் என்கிறது! இந்த ஒன்றைக் கவனித்தாலே நம் மேடைப் பிரசங்கங்கள் பாதி மாறிவிடும்.

அவிசுவாசமும் இப்படித்தான். விசுவாசம் என்று நாம் வாசிக்கும் எபிரேயச் சொல்லும் ‘ஆமென்’ என்பதும் ஒரே வேரில் பிறந்தவை. உறுதி, சாய்ந்து நிற்பது என்பது அதன் அடிப்பொருள். கடவுள் உண்டா இல்லையா என்ற வாதம் அங்கே எழவில்லை. எண்ணாகமம் 14:11 கண்டிப்பது செங்கடலைக் கடந்து வந்தவர்களை. எண்ணாகமம் 20:12-இல் அதே குற்றச்சாட்டு மோசேயின் மேலும் ஆரோனின் மேலும் விழுகிறது. ஏசாயா 7-ஆம் அதிகாரத்தில் யூதாவின் ராஜா ஆகாஸிடம், ஓர் அடையாளத்தைக் கேள் என்கிறார் கர்த்தர். ‘நான் கர்த்தரைப் பரீட்சை செய்யமாட்டேன்’ என்று பக்தியோடு மறுக்கிறான். அதே ஆகாஸ் ஆலயத்து வெள்ளியையும் பொன்னையும் எடுத்து அசீரியா ராஜாவுக்குக் காணிக்கை அனுப்பியதை 2 இராஜாக்கள் 16:8 சொல்கிறது. வாயில் வேதவசனம், சாய்மானமோ அசீரியாவின் மேல். பிடரியையும் அவிசுவாசத்தையும் ஒரே மூச்சில் சேர்க்கும் வசனமும் இதே புத்தகத்தில்தான் இருக்கிறது. வடக்கு இஸ்ரவேலின் தலைநகரான சமாரியா ஏன் விழுந்தது என்று விளக்கும் 17:14 அது. அங்கேயும் குற்றவாளிகள் தீர்க்கதரிசிகளால் எச்சரிக்கப்பட்ட சொந்த ஜனம்.

‘தேவன் இல்லை என்று மதிகேடன் தன் இருதயத்தில் சொல்லிக்கொள்ளுகிறான்’ என்று நாத்திகருக்கு எதிராக எடுக்கப்படும் சங்கீதம் 14-ஐயும் முழுதாக வாசிக்க வேண்டும். மதிகேடன் என்பதற்கு மூலம் ‘நாபால்’. ஏசாயா 32:6-இல் அதே சொல்லால் அழைக்கப்படுபவன், பசித்தவனை வெறுமையாக விடுகிறவன். 1 சாமுவேல் 25-இல் அந்தப் பெயரைச் சுமந்தவனுக்கு 3000 ஆடுகளும் 1000 வெள்ளாடுகளும் இருந்தன. தாவீதின் ஆட்களுக்குக் கொடுக்க அவனுக்கு மனம் வரவில்லை. சங்கீதத்தின் 4-ஆம் வசனம், ஜனத்தை அப்பம்போல் தின்கிறவர்களைப் பற்றியது. கூலியைப் பிடித்துவைக்கும் சபை அங்கத்தினருக்கு இந்தச் சங்கீதம் உறைக்க வேண்டும்.

இஸ்ரவேலரைப் போகவிட மறுத்த எகிப்து ராஜா பார்வோன் வேறு கதை. அவன் இருதயத்துக்கு மூலத்தில் மூன்று வினைகள் உண்டு: இறுகுவது, கனப்பது, கடினப்படுவது. தமிழில் மூன்றும் ‘கடினம்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டன. எகிப்தின்மேல் வந்த பத்து வாதைகளில் முதல் ஐந்தின்போது கர்த்தர் கடினப்படுத்தினார் என்ற வாக்கியம் வருவதில்லை. ஆறாவது வாதையாகிய கொப்புளங்களின்போதுதான் வருகிறது (யாத்திராகமம் 9:12). இதைச் சொல்லாமல் விட்டால், கடவுளே கெடுத்துவிட்டுத் தண்டித்தாரா என்று பிள்ளைகள் கேட்கும்போது ஆசிரியர் விழிக்க வேண்டியதுதான்.

ஞாயிறு பள்ளித் தேர்வுக்கு யாத்திராகமம் 32:9-ஐ மட்டும் மனப்பாட வசனமாகக் கொடுப்பதை நிறுத்தக் கேட்கிறோம். அதிகாரம் 32 முதல் 34 வரை மொத்தம் 93 வசனங்கள்தான். ஒரே வகுப்பில் சத்தமாக வாசித்து முடித்துவிடலாம். வாசிக்கும்போது 32:9, 33:3, 33:5, 34:9 ஆகிய நான்கு இடங்களிலும் பென்சிலால் கோடிடச் சொல்லி, யார் பேசுகிறார் என்று கேட்க வேண்டும். முதல் மூன்றும் கர்த்தரின் வார்த்தை. வணங்காக் கழுத்துள்ளவர்கள், ஆகவே உங்கள் நடுவே வரமாட்டேன் என்பது 33:3. நான்காவதில் பேசுவது மோசே. இந்த ஜனம் வணங்காக் கழுத்துள்ளது என்று ஒத்துக்கொண்டே, எங்கள் நடுவே வாரும் என்று மன்றாடுகிறார். எபிரேயத்தில் இடையே நிற்கும் ‘கீ’ என்ற சிறு சொல்லுக்கு ‘ஏனெனில்’ என்றும் ‘ஆனாலும்’ என்றும் பொருள் கொள்ளலாம். கன்றுக்குட்டி செய்யப்பட்டபோது மோசே மலையின்மேல் இருந்தார். ஆனாலும் அவர் கேட்பது ‘எங்கள் அக்கிரமத்தையும் எங்கள் பாவத்தையும்’ மன்னிக்கும்படி. ‘அவர்கள்’ என்று அவர் சொல்லவில்லை.

இப்படிக்கு,
வேதபாட ஆசிரியர்கள் சிலர்,
மார்த்தாண்டம், குமரி மாவட்டம்.