ஃபோர்க் மாற்றச் சொன்னார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

காங்கேயம் பக்கம் தேங்காய்க் களம் வைத்திருக்கிறேன். போன மாதம் சென்னிமலை ரோட்டில் பைக்கில் போகும்போது ஆடு குறுக்கே வர, பிரேக் போட்டு மைல்கல்லில் மோதினேன். ஆட்டுக்கு ஒன்றுமில்லை, எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டிதான் கோணிக்கொண்டது. ஹேண்டிலை நேராகப் பிடித்தால் முன்சக்கரம் இடப்பக்கம் பார்த்தது.

முதலில் போன பட்டறையில் தொட்டுக்கூடப் பார்க்காமல், "ஃபோர்க் செட்டே மாத்தோணுங்க" என்றார்கள். முன்சக்கரத்தை இருபுறமும் தாங்கும் குழாய்கள்தான் ஃபோர்க். மனசு கேட்கவில்லை. எங்கள் ஊர் மெக்கானிக்கிடம் தள்ளிக்கொண்டு போனேன். அவர் இரண்டு குழாயையும் கழற்றிக் கண்ணாடிப் பலகை மேல் உருட்டினார். வளைந்திருந்தால் அடியில் வெளிச்சம் தெரிந்து தெரிந்து மறையுமாம், தெரியவில்லை. ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங்கான கோன் செட்டில் மட்டும் குழி விழுந்திருந்தது. சரி, அதை மாற்றினோம். அப்புறம் எல்லாவற்றையும் மாட்டி, குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் போல்ட்டு, அச்சு, மட்கார்டு போல்ட்டு எதையும் முழுதாக முடுக்காமல், சக்கரத்தை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கி ஹேண்டிலைத் திருப்பினார். முன்பிரேக்கைப் பிடித்து வண்டியின் முன்பக்கத்தை நாலு அமுக்கு அமுக்கிவிட்டு முடுக்கினார். கிளாம்புக்குள் குழாய்கள் முறுக்கிக்கொண்டிருந்தன, அவ்வளவுதான்.

நிஜமாகவே வளைந்த குழாயை மாற்றத்தான் வேண்டும், அதில் கஞ்சத்தனம் கூடாது. ஆனால் பில் போடும் முன் அந்த வளைவை வண்டிக்காரர் கண்ணில் காட்டட்டும் என்று பட்டறைக்காரர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

– வாசகர், காங்கேயம்