வணிகமும் பொறியியலும் படிக்க நினைக்கும் கயலுக்கு

அன்புள்ள கயல்,

பொறியியலும் வணிக நிர்வாகமும் சேர்ந்த அந்தப் பட்டப்படிப்பில் சேரலாமா என்று கேட்டிருந்தாய். ரெண்டுங்கெட்டான் படிப்பு என்று யாரோ சொல்லிவிட்டதில் குழம்பிப் போயிருக்கிறாய். தாராளமாகச் சேர். ஆனால் எங்கே சேருவது என்பதைப் பாடத்திட்டத்தை வரிவரியாகப் படித்த பிறகு முடிவு செய்.

இது நேற்று முளைத்த படிப்பு அல்ல. 1886இல் சிகாகோவில் கூடிய அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கத்தில், பூட்டுத் தொழிற்சாலை நடத்திய ஹென்றி டவுன் ஒரு கட்டுரை வாசித்தார். தொழிற்கூடத்தை நிர்வகிப்பதும் செலவைக் கணக்கிடுவதும் பொறியாளரின் பொறுப்பு என்று வாதாடினார். 1914இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம் (எம்.ஐ.டி.) இதற்கென்றே ஒரு பாடப்பிரிவு தொடங்கியது. இன்றைய ஸ்லோன் மேலாண்மைப் பள்ளியின் வேர் அதுதான்.

இரண்டும் எங்கே கைகோக்கின்றன என்பதற்கு நான் மிகவும் ரசிக்கும் ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரு தொழிற்சாலைக்கு ஆண்டுக்கு 1,200 உதிரிபாகங்கள் வேண்டும். ஒவ்வொரு முறை ஆர்டர் போடவும் 150 ரூபாய் செலவு. ஒரு பாகத்தை ஓராண்டு கிடங்கில் வைத்திருக்க 4 ரூபாய் செலவு. மொத்தமாக வாங்கினால் கிடங்குச் செலவு ஏறும். கொஞ்சம் கொஞ்சமாக வாங்கினால் ஆர்டர் செலவு ஏறும். 1913இல் ஃபோர்டு ஹாரிஸ் என்பவர் இதற்கு ஒரு வாய்பாடு தந்தார். அதன்படி ஒரு தடவைக்கு 300 வாங்க வேண்டும். அப்போது ஆண்டுக்கு நான்கு ஆர்டர், அதற்கு 600 ரூபாய். வாங்கியது தீர்ந்துகொண்டே வருவதால் கிடங்கில் சராசரியாகப் பாதி, அதாவது 150 பாகங்கள்தான் இருக்கும்; கிடங்குச் செலவும் 600, ஆக 1,200 ரூபாய். சரி, 300க்குப் பதில் 450 வாங்கிவிட்டால்? 1,300தான் ஆகிறது. அளவு ஒன்றரை மடங்கானாலும் செலவு எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல்தான் கூடுகிறது! நுண்கணிதம் தெரிந்தவருக்கு, ஆர்டர் அளவுக்கேற்பச் செலவு மாறுவதைக் காட்டும் வளைகோடு அடியில் தட்டையாக இருப்பது புரியும். தொழில் தெரிந்தவர், அங்கே துல்லியத்துக்காக மண்டையை உடைத்துக்கொள்ளாமல், லாரி கொள்ளும் அளவைப் பார்த்து ஆர்டரை முடிவு செய்வார். இரண்டையும் ஒரே ஆள் செய்யும்போது கிடைக்கும் தெளிவுக்காகத்தான் உன்னைச் சேரச் சொல்கிறேன்.

அதனால் பாடத்திட்டத்தில் முதலில் தேட வேண்டியவை பொறியியல் பொருளாதாரம், உற்பத்தித் திட்டமிடல், செயல்பாட்டு ஆய்வு (கணிதத்தைக் கொண்டு சிறந்த முடிவைத் தேடும் பாடம்), செலவுக் கணக்கியல். காலையில் வெப்ப இயக்கவியல், மாலையில் சந்தைப்படுத்தல் என்று இரண்டும் கடைசிவரை ஒன்றையொன்று பார்க்காமலே ஓடினால், இணைக்கும் வேலை முழுவதும் உன் தலையில் விழும். கணிதத்தையும் புள்ளியியலையும் முதலாண்டோடு முடித்துவிடும் இடங்களை நான் நம்பமாட்டேன்.

சில இடங்களில் இரு துறைக்கும் சேர்த்து ஒரே பட்டம். சில இடங்களில் இரண்டு தனிப் பட்டங்கள். அங்கே பாடச்சுமை கூடும், பல வேளைகளில் ஆண்டும் கூடும். இன்னொன்றையும் கட்டாயம் விசாரி: பதிவுபெற்ற பொறியாளராக இந்தப் பட்டம் செல்லுமா? பல நாடுகளில் அங்கீகாரம் பெற்ற பொறியியல் பட்டம் இருந்தால்தான் அந்த உரிமம் சுலபமாகக் கிடைக்கும். பாலமோ மின்நிலையமோ வடிவமைத்துக் கையெழுத்திட வேண்டும் என்பது உன் ஆசையானால், முழுப் பொறியியல் படித்துவிட்டு நிர்வாகத்தைப் பிறகு படிப்பதே நல்லது. விநியோகச் சங்கிலி, உற்பத்தி, தொழில்நுட்ப விற்பனை பக்கம் மனம் போனால் இதுவே போதும்.

நீ பார்த்து வைத்திருக்கும் மூன்று இடங்களின் பாடத்திட்டத்தையும் எனக்கு அனுப்பு. விண்ணப்பம் போடும் முன் சேர்ந்து உட்கார்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உன் சித்தி