கடற்படைப் பயிற்சிக்கும் சுற்றுச்சூழல் ஆய்வறிக்கை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடற்படைப் போர்ப் பயிற்சி பற்றி உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். கப்பல்கள், ஏவுகணைகள் பற்றியெல்லாம் விரிவாக இருந்தது. அந்தத் தண்ணீருக்குள் வாழும் உயிர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே என்று மனம் கேட்கவில்லை, எழுதுகிறேன்.

நான் கருப்பூரில், மாக்னசைட் சுரங்கத்துக்குப் பக்கத்தில் வளர்ந்தவள். பாறைக்கு வெடி வைக்கும் முன் சங்கு ஊதும். ஆட்டையும் பிள்ளைகளையும் ஓட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குள் வந்துவிடுவார். அப்புறம் தரை அதிரும், அலமாரியில் பாத்திரம் குலுங்கும். காற்றில் நொடிக்கு 340 மீட்டர் போகும் ஒலி, கடலில் சுமார் 1,500 மீட்டர் போகிறது. வெகுதூரம் பரவவும் செய்கிறது. ஒலியை வைத்தே இரை தேடி, துணை தேடி வாழும் திமிங்கிலத்துக்கு, கடற்படைப் பயிற்சியின் சத்தம் தொடங்கும் முன் யார் சங்கு ஊதுவது?

2000 மார்ச்சில் பஹாமாஸ் தீவுகளில் திமிங்கிலங்களும் டால்பினுமாக 17 கரை ஒதுங்கின. நீர்மூழ்கிகளைத் தேடும் சோனார் ஒலியே காரணமாக இருக்கக்கூடும் என்று அமெரிக்கக் கடற்படையும் பங்கேற்ற ஆய்வு அறிக்கையே ஒப்புக்கொண்டது. 2002இல் கேனரி தீவுகளில், நேட்டோ ராணுவக் கூட்டணியின் கடற்படைப் பயிற்சி நடந்த நேரத்தில் 14 அலகுத் திமிங்கிலங்கள் ஒதுங்கின. இறந்தவற்றை அறுத்துப் பார்த்தபோது உறுப்புகளில், ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் உண்டாவது போன்ற வாயுக் குமிழ்கள். அதன்பின் 2004இல் ஸ்பெயின் அந்தத் தீவுகளைச் சுற்றிச் சோனாருக்குத் தடை விதித்தது.

அமெரிக்காவில் 1970 முதல் நடப்பில் உள்ள சுற்றுச்சூழல் சட்டப்படி, பயிற்சியும் சோதனையும் எந்த உயிரினத்தை எவ்வளவு பாதிக்கும் என்று கடற்படை கணக்கிட்டு, வரைவு அறிக்கையைப் பொதுமக்கள் முன் வைத்து வந்திருக்கிறது. திமிங்கிலம் அருகில் வந்தால் சோனாரைக் குறைக்கவோ நிறுத்தவோ விதி உண்டு.

நம் நாட்டில்? எட்டுவழிச் சாலைக்குப் பின் சேலத்துக்காரர்களுக்குச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு என்றால் என்னவென்று சொல்லத் தேவையில்லை. எந்தத் திட்டங்களுக்கு அந்த மதிப்பீடு கட்டாயம் என்று சொல்லும் 2006ஆம் ஆண்டு மத்திய அரசு அறிவிக்கையின் பட்டியலில் சுரங்கம், துறைமுகம், நெடுஞ்சாலை எல்லாம் உண்டு. கடலில் நடக்கும் போர்ப் பயிற்சி இல்லை. பாதுகாப்புத் துறைத் திட்டங்களுக்கோ பொதுமக்கள் கருத்துக் கேட்பிலிருந்தே விலக்கு.

என் அக்கா மகன் கடற்படையில் இருக்கிறான். பயிற்சி எவ்வளவு அவசியம் என்பதும், சில விஷயங்களை வெளியே சொல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். சரி, ரகசியத்தை வைத்துக்கொள்ளட்டும். ஆனால் எந்த மாதம், எந்தக் கடற்பகுதியைத் தவிர்ப்பது என்பதைச் சொல்வதில் என்ன ஆபத்து? ஒடிசாவில் பங்குனி ஆமைகள் முட்டையிடும் ஜனவரி முதல் மார்ச் வரை ஏவுகணைச் சோதனையை நிறுத்திவைக்க 2024 டிசம்பரில் நம் பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனமே ஒப்புக்கொண்டதே!

தமிழ்நாட்டுக் கடலிலும் காக்க வேண்டியவை நிறைய. மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளோடு தேசியப் பூங்கா இருக்கிறது. பாக் விரிகுடாவில் ஆவுளியா என்னும் கடற்பசுவுக்காக 448 சதுர கிலோமீட்டர் காப்பகம் 2022இல் வந்தது. 2016 ஜனவரியில் தூத்துக்குடி மாவட்டக் கரையில் 80க்கும் மேற்பட்ட பைலட் திமிங்கிலங்கள் ஒதுங்கியதை மறக்க முடியுமா? அதற்குக் கடற்படை காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் கடலுக்குள் எழும் ஒலியை முறையாக அளந்து பதிவு செய்து வந்தால்தான் இப்படி நடக்கும்போது காரணம் தேட முடியும்.

பயிற்சிக்கு முன் மீனவர்களுக்கு, 'இந்தப் பகுதிக்குப் போக வேண்டாம்' என்று அறிவிப்பு தருகிறார்கள். அதே மீனவர்களிடம் ஆவுளியா எங்கே மேய்கிறது, ஆமை எப்போது வருகிறது என்று கேட்டு, மதிப்பீட்டு அறிக்கை தயாரித்து, ரகசியமில்லாத பகுதியைத் தமிழில் வெளியிட வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
கருப்பூர், சேலம்.