அந்த லேப் அறையைத் திறந்துவிடுங்கள், ஐயா

மதிப்பிற்குரிய முதல்வர் ஐயா அவர்களுக்கும், இயற்பியல் துறைத் தலைவர் அம்மா அவர்களுக்கும், நிர்வாகக் குழுவினருக்கும் வணக்கம்.

நான் உங்கள் கல்லூரியில் எம்.எஸ்சி. படித்தவள். இப்போது கடலூரில் ஒரு பள்ளியில் மேல்நிலை வகுப்புகளுக்கு இயற்பியல் எடுக்கிறேன். என்னிடம் பிளஸ் டூ முடிக்கும் பிள்ளைகளில் சிலர் வருடா வருடம் உங்களிடம்தான் வந்து சேருகிறார்கள். அந்த உரிமையில் எழுதுகிறேன். மாடியில் உள்ள லேப் பூட்டிக் கிடப்பதும், மாணவர்கள் மனு கொடுத்ததும், "பார்க்கலாம்" என்று பதில் வந்ததும் உங்களுக்குத் தெரிந்ததே. அதையெல்லாம் விட்டுவிட்டு, போன மாதம் நடந்த பிராக்டிக்கல் தேர்வுக்கு வருகிறேன்.

என் பழைய மாணவி ஒருத்திக்கு ஜி.எம். கவுண்டர் (கதிர்வீச்சை எண்ணும் கருவி) சோதனை விழுந்தது. கருவி வெளியே வரவே இல்லை. "ரெக்கார்டில் இருக்கிற ரீடிங்கைப் போட்டு, கிராஃப் வரைந்து கொடுத்துவிடு" என்று சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தாள். நல்ல மதிப்பெண்ணும் வந்தது. ரெக்கார்டு நோட்டைக் கொண்டுவந்து என்னிடம் நீட்டி, "மிஸ், இந்தக் கவுண்டரை நான் தொட்டதுகூட இல்லை" என்றாள். பண்ருட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து விடியற்காலைப் பேருந்தைப் பிடித்து வந்து படிக்கும் பெண் அவள். அவள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள்.

அவளுடைய நோட்டு, அவள் பார்த்து எழுதிய சீனியரின் நோட்டு, அந்த சீனியர் பார்த்து எழுதிய நோட்டு, மூன்றையும் வாங்கி அருகருகே வைத்துப் பார்த்தேன். கதிர்வீச்சு தரும் பொருள் எதுவும் வைக்காமல் எடுக்கும் பின்னணி எண்ணிக்கை மூன்றிலும் 42, 39, 47, 44. அடுத்த பக்கம் இன்னும் மோசம். மின்னழுத்தத்தை ஏற்ற ஏற்ற எண்ணிக்கை 1860-ஐ ஒட்டிச் சமமாக நிற்க வேண்டிய இடத்தில், நடுவில் ஒரு ரீடிங் மட்டும் 1286 என்று இருக்கிறது. யாரோ எப்போதோ 1862 என்பதை மாற்றி எழுதியிருக்க வேண்டும். மூன்று நோட்டிலும் அதே 1286. மூன்று கிராஃபிலும் கோடு அந்தப் புள்ளியைக் கண்டுகொள்ளாமல் நேராகப் போகிறது. மூன்றிலும் சிவப்பு மையில் டிக், கையெழுத்து, தேதி.

கதிர்வீச்சு எண்ணிக்கை ஒரு முறை வந்ததுபோல மறுமுறை வராது என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு நிமிடத்தில் 400 வந்தால் அடுத்த நிமிடம் 380 வரலாம், 420 வரலாம்; எண்ணிக்கையின் வர்க்கமூலத்தை ஒட்டி அது ஆடும். அந்த ஆட்டத்தைப் பார்ப்பதற்காகத்தான் அந்தச் சோதனையே பாடத்திட்டத்தில் இருக்கிறது. வருடம் மாறியும் எண் மாறாமல் இருந்தால் அங்கே அளவீடு நடக்கவில்லை என்று அர்த்தம். தயவுசெய்து அந்த அறையைத் திறந்துவிடுங்கள். பிள்ளைகள் தங்கள் ரீடிங்கைத் தாங்களே எடுக்கட்டும்.

அதே அறையில்தான் மியூவான் என்ற நுண்துகளைப் பார்க்கும் கருவியும் இருக்கிறது. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் காற்றுமண்டலத்தின் மேல்பகுதியில் மோதிப் பிறக்கும் மியூவான்கள் நம் எல்லோர் மீதும் கொட்டிக்கொண்டே இருக்கின்றன. சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒன்று. துகள் பட்டால் ஒளிரும் சிண்டிலேட்டருக்குள் வந்து நின்றுபோகும் மியூவான் ஒரு முறை ஒளிரும்; சிதையும்போது இன்னொரு முறை. இரண்டு ஒளிர்வுக்கும் இடைப்பட்ட நேரங்களைச் சேர்த்துக்கொண்டே வந்தால், சராசரி ஆயுள் சுமார் 2.2 மைக்ரோநொடி என்று கிடைக்கும். ஒளியின் வேகத்தில் ஓடினாலும் அந்த நேரத்துக்குள் 660 மீட்டர்தான் போக முடியும். பத்துப் பதினைந்து கிலோமீட்டர் உயரத்தில் பிறந்தது எப்படித் தரைக்கு வந்தது? வேகமாக ஓடும் மியூவானுக்கு நேரம் மெதுவாக நகர்கிறது என்கிறது சார்பியல் கொள்கை; அதை ஒரு பிள்ளை தன் கையால் தொடும் இடம் அது. கல்லூரியைப் பார்வையிட ஆய்வுக் குழு வந்த அன்று அந்தக் கருவியின் உறையை எடுத்தார்கள். வெள்ளை கோட்டு போட்ட மாணவர்களைப் பக்கத்தில் நிறுத்திப் படம் எடுத்தார்கள். மறுநாள் பூட்டு விழுந்தது. நினைத்தால் வயிறு எரிகிறது, ஐயா.

இதே மியூவானை வைத்து வெளியே என்ன நடக்கிறது என்று பாருங்கள். 2025 ஜூன் 3-ஆம் தேதி அமெரிக்காவின் ஃபெர்மிலேப் ஆய்வகம், மியூவானின் காந்தத் தன்மையை அளக்கும் மியூவான் ஜி மைனஸ் 2 சோதனையின் இறுதி முடிவை வெளியிட்டது. 100 கோடியில் 127 பங்கு என்ற அளவுக்குத் துல்லியம். அதைவிட என்னைக் கவர்ந்தது அவர்கள் தங்களுக்கே போட்டுக்கொண்ட கட்டுப்பாடு. விடை இப்படித்தான் வரவேண்டும் என்று தெரிந்தால் மனசு தானாக அந்தப் பக்கம் சாயும் என்று பயந்து, நேரத்தை அளக்கும் கடிகாரம் சரியாக என்ன வேகத்தில் ஓடுகிறது என்பதைத் தங்களிடமிருந்தே மறைத்துக்கொண்டார்கள். குழுவுக்கு வெளியே இருந்த இரண்டு பேருக்கு மட்டும் அது தெரியும். எண்ணை எழுதி உறையில் போட்டு மூடிவைத்தார்கள். கணக்கெல்லாம் முடிந்த பிறகுதான் உறையைப் பிரித்தார்கள். அங்கே விடையைப் பார்க்காமல் அளக்க இவ்வளவு பாடு. இங்கே அளக்காமல் விடையை எழுதச் சொல்கிறோம்.

ரீடிங் தப்பாக வந்தால் என்ன செய்வது என்ற பயமும் துறையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். வரட்டுமே. 2011-ல் ஓபெரா என்ற ஆய்வுக் குழுவினர், ஐரோப்பாவின் செர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ ஆய்வகத்துக்கு அனுப்பிய நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோநொடி முந்தி வந்ததாக அறிவித்தார்கள். ஒளியை எதுவும் முந்த முடியாதே என்று உலகமே கேள்வி கேட்டது. அடுத்த வருடம் சரியாகச் செருகாத ஒரு ஃபைபர் கேபிளைக் கண்டுபிடித்து அவர்களே சொன்னார்கள். தாங்களே அளந்ததால்தான் தேடிப் போக முடிந்தது. 1286-ஐ வைத்துக்கொண்டு என் மாணவி எங்கே போய்த் தேடுவாள்?

கருவி உடைந்தால் யார் பொறுப்பு, ஸ்டாக் ரிஜிஸ்டரில் என்ன எழுதுவது என்ற கவலை எனக்கும் புரிகிறது. மின்னழுத்தத்தை அளவுக்கு மீறி ஏற்றினால் ஜி.எம். குழாய் கெட்டுப்போகும்தான். மெதுவாக ஏற்றக் கற்றுக்கொள்வதும் அந்தப் பாடத்தில் அடக்கம். ஒரு குழாய் போனால் இன்னொன்று வாங்கலாம். இரண்டு வருடம் போனால் அந்தப் பிள்ளைகளுக்குத் திரும்பி வராது. லேப் கட்டணம் மட்டும் ஒவ்வொரு செமஸ்டரும் தவறாமல் வாங்கப்படுகிறது. தண்ணீர் இல்லாத ஊரில் தண்ணீர் வரி கட்டுகிற மாதிரி இருக்கிறது என்று ஒரு அப்பா என்னிடம் சொன்னார். நாளைக்கு இந்தப் பிள்ளைகள்தான் எங்கள் பள்ளிகளுக்கு ஆசிரியர்களாக வரப்போகிறார்கள். பார்த்து எழுதிப் பாஸானவர்கள், அடுத்து வருகிறவர்களையும் பார்த்து எழுதத்தானே சொல்வார்கள்?

இந்தத் துறைக்கு நாம் அந்நியர்களும் இல்லை. ஊட்டியில் உள்ள கிரேப்ஸ்-3 மியூவான் தொலைநோக்கியில், 2014 டிசம்பர் 1-ஆம் தேதி இடிமழை நேரத்தில் மியூவான் எண்ணிக்கை லேசாகக் குறைந்தது. அந்தச் சின்னக் குறைவை அலட்சியம் செய்யாமல் பின்தொடர்ந்தவர்கள், மேகத்துக்குள் 130 கோடி வோல்ட் வரை மின்னழுத்தம் இருந்ததாக 2019-ல் வெளியிட்டார்கள். வங்கக் கடலோரம் இருக்கும் நமக்கு இடிமழைக்கா பஞ்சம்? அந்தக் கருவி ஐப்பசி, கார்த்திகையில் ஓடிக்கொண்டிருந்தாலே நம் பிள்ளைகளுக்கு எத்தனை கேள்விகள் கிடைக்கும்!

சரி, கோபத்தில் ஏதாவது கூடுதலாகச் சொல்லியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்பது ஒன்றுதான். வரும் செமஸ்டர் தொடங்கும்போதே அந்த அறையைத் திறந்துவிடுங்கள். ரீடிங் எடுத்த அன்றைக்கே அப்சர்வேஷன் நோட்டில் கையெழுத்துப் போடும் பழைய வழக்கத்தைத் திரும்பக் கொண்டுவாருங்கள். படிப்பை முடித்து வெளியேறப் போகும் இறுதியாண்டு மாணவர்களுக்கு, போவதற்குள் ஒரு நாளாவது அந்தக் கருவிகளைக் கொடுங்கள். லேப் அசிஸ்டென்ட் இடம் காலியாக இருப்பதுதான் தடை என்றால், சனிக்கிழமைகளில் நான் வந்து கூட இருக்கத் தயார். சம்பளம் வேண்டாம். உங்களிடம் படித்து இன்று ஆசிரியர்களாக இருக்கும் இன்னும் சிலரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். எந்தச் சனிக்கிழமை என்று மட்டும் தெரிவியுங்கள், ஐயா.

இப்படிக்கு,
தங்கள் முன்னாள் மாணவி,
மஞ்சக்குப்பம், கடலூர்.