ரெண்டு டிக்கெட் விஷயமாக அண்ணாவுக்கு

அண்ணா,

ஒரு வருஷமாக உனக்குப் பதில் போடவில்லை. மன்னித்துக்கொள். மன்னிப்புக் கேட்கிறேன் என்பதற்காகக் காரணம் இல்லை என்று நினைத்துவிடாதே. 2024 நவம்பர் 22, நம் ஸ்வீடன் மெட்டல் குழு ஓபெத்தின் புது ஆல்பம் வந்த ராத்திரி, நீ ஒரு இணைப்பும் ஒரே ஒரு வார்த்தையும் அனுப்பினாய்: "வந்துட்டாங்க." அதற்கு முன்னால் நாம் கடைசியாகப் பேசியது வீட்டுப் பத்திரம் பற்றி. அதை இங்கே எழுதமாட்டேன். அத்தை இந்த வலைப்பூவைப் படிக்கிறார், படித்துவிட்டு அம்மாவுக்குப் போன் போட்டு வரிவரியாகச் சொல்கிறார். ஆனால் அந்த ஒரு வார்த்தை எனக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்தது என்பதை எழுதலாம். வந்துவிட்டார்களா? போனது யார் அண்ணா?

2011இல் ஹெரிட்டேஜ் வந்தபோது நீ ஜெர்மனியில் இருந்தாய். ஸ்கைப்பில் கூப்பிட்டு, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, "மிக்கேல் செத்துட்டான்" என்றாய். எனக்கு நிஜமாகவே வயிற்றைக் கலக்கிவிட்டது. ஓபெத்தின் பாடகர் மிக்கேல் ஓகெர்ஃபெல்ட் ஸ்டாக்ஹோமில் சௌக்கியமாகத்தான் இருக்கிறார், ஆல்பத்தில் க்ரௌல், அந்த அடித்தொண்டை உறுமல், இல்லை என்பதுதான் துக்கம் என்று அப்புறம்தான் புரிந்தது. மெலோட்ரான் என்கிற பழைய கீபோர்டும் ஆர்கனுமாக எழுபதுகளின் வாசனையோடு வந்திருந்தது அந்த ஆல்பம். எனக்குப் பிடித்திருக்கிறது என்றேன். "உனக்கு எப்பவும் டாம்னேஷன்தானே" என்றாய், அவர்களின் மெல்லிய ஆல்பத்தைச் சொல்லி, காரம் ஒத்துக்கொள்ளாத குழந்தையைப் பார்த்துச் சொல்கிற மாதிரி.

உனக்கு ஓபெத் என்றால் 2001. பிளாக்வாட்டர் பார்க். அதோடு கடிகாரம் நின்றுவிட்டது. ஆனால் அந்த ஆல்பத்தின் பெயரே 1972இல் ஒரே ஒரு ஆல்பம் போட்டுவிட்டுக் காணாமல் போன ஒரு ஜெர்மன் ப்ராக்ரெசிவ் ராக் குழுவின் பெயர்தான். நீ உயிரை விடுகிற மை ஆர்ம்ஸ், யுவர் ஹெர்ஸ் ஆல்பத்தின் தலைப்பும் கோமஸ் என்கிற பழைய ஆங்கில ஃபோக் குழுவின் பாட்டு வரியிலிருந்து எடுத்தது. மிக்கேல் பழைய வினைல் பைத்தியம் என்பது நம் எல்லோருக்கும் தெரியும். ஹெரிட்டேஜுக்கு முந்தைய வாட்டர்ஷெட் ஆல்பத்தின் பாணியிலேயே அடுத்த ஆல்பத்துக்கும் பாட்டு எழுத ஆரம்பித்திருந்தார். பாஸ் வாசிக்கிற மார்ட்டின் மெண்டெஸ் கேட்டுவிட்டு, இதே வழியில் போனால் எனக்கு ஏமாற்றமாக இருக்கும் என்று சொன்னதும் அவற்றைத் தூக்கிப்போட்டுவிட்டார். உள்ளே இருப்பவனுக்கே அலுத்துப்போனதை வெளியே நிற்கிற நீ ஏன் கேட்டு வாங்கணும்?

டெலிவரன்ஸையும் டாம்னேஷனையும் ஒரே காலத்தில் ஒரே ஆட்கள்தான் பதிவு செய்தார்கள். கனமானதை 2002இலும் மெல்லியதை 2003இலும் வெளியிட்டார்கள். நம் வீட்டில் ஆளுக்கு ஒன்று எடுத்துக்கொண்டோம். அந்தப் பங்கு பிரிப்பில் மட்டும்தான் நமக்குள் சண்டையே வரவில்லை.

சரி. அந்த ஞாயிற்றுக்கிழமை உனக்கு நினைவிருக்கிறதா என்று தெரியவில்லை. ஓபெத்தின் கோஸ்ட் ரெவெரீஸ் ஆல்பம் உன் ஹாஸ்டல் நண்பன் வழியாக வந்துசேர்ந்த புதிது. நங்கநல்லூர் வீட்டு ஹால், பழைய கணினி, அதன் தகுதிக்கு மீறிய ஸ்பீக்கர். முதல் பாட்டு எப்படி ஆரம்பிக்கும் என்று உனக்குச் சொல்லத் தேவையில்லை. கிட்டார் இரண்டு மூன்று நொடி மெதுவாகக் கிசுகிசுக்கும், அப்புறம் எச்சரிக்கையே இல்லாமல் மொத்தமும் தலையில் விழும், க்ரௌலோடு சேர்த்து. நீ வால்யூமை முழுக்கத் திருப்பி வைத்திருந்தாய். மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த அப்பா படியில் தடதடவென்று இறங்கி வந்தார், கையில் ஈரத் துண்டோடு. யாருக்கோ என்னவோ ஆகிவிட்டது என்று நினைத்திருக்கிறார்.

திட்டுவார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். பாட்டு பத்து நிமிடத்துக்கு மேல் ஓடும். நடுவில் எல்லாம் அடங்கி மிக்கேல் சாதாரணக் குரலில் பாடும் இடம் வந்ததும் அப்பா தலையை ஆட்டினார். "இந்தப் பையன் நல்லாப் பாடறான்டா. இன்னொருத்தன் நடுவுல வந்து கெடுக்கறான். அவனை ஏன் வெச்சிருக்காங்க?"

உன் முகத்தில் அப்போது வந்த சிரிப்பை நான் மறக்கமாட்டேன். "ரெண்டும் ஒரே ஆள்தான்பா."

அப்பா நம்பவில்லை. நீ விடுவாயா? லண்டன் ஷெப்பர்ட்ஸ் புஷ் எம்பயரில் எடுத்த லாமெண்டேஷன்ஸ் வீடியோவைத் தேடி எடுத்துப் போட்டாய். ஒரே மேடை, அதே ஆள், முதல் பாதியில் மெல்லிய பாட்டுகள், இரண்டாம் பாதியில் க்ரௌல். அப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் போய் அந்த மனிதரின் வாயையே பார்த்தார். "வாயைப் பெரிசாத் தொறக்கக்கூட இல்லையே" என்றார். உனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. குரல்நாணுக்கு மேலே போலி மடிப்புகள் இருக்கின்றன, அவற்றை அதிர வைப்பதுதான் க்ரௌல், மூச்சு வயிற்றிலிருந்து வரணும், சரியாகச் செய்தால் தொண்டை கிழியாது என்று வகுப்பே எடுத்தாய். அப்பா முழுக்கக் கேட்டுவிட்டு, "எப்படின்னு கேக்கலடா. இவ்வளவு நல்லாப் பாடத் தெரிஞ்சவன் ஏன் கத்தணும்?" என்றார்.

அவர் கிண்டலாகக் கேட்கவில்லை அண்ணா. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். நீதான் கிண்டல் என்று எடுத்துக்கொண்டு, கணினியை அப்படியே விட்டுவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். நீ போனபிறகு நடந்தது உனக்குத் தெரியாது. அப்பா கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துவிட்டு என்னிடம், "மீதியப் போடு" என்றார். போட்டேன். முழு ஆல்பத்தையும் கேட்டார் என்று பொய் சொல்லமாட்டேன், நாலாவது பாட்டில் தூங்கிவிட்டார். ஆனால் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

இதை இத்தனை வருஷம் உன்னிடம் சொல்லவில்லை. வேண்டுமென்றேதான் சொல்லவில்லை. 2009க்கு அப்புறம் சொல்லத் தோன்றவே இல்லை.

அந்த வருஷம் ஓபெத் சென்னைக்கே வந்தது. ஐஐடியின் சாரங் கலைவிழாவில். நம் வீட்டிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரம். அப்பா என்னை அனுப்பத் தயாராகத்தான் இருந்தார். "பொண்ணுங்க வர்ற கூட்டம் இல்லப்பா" என்று சொன்னது நீ. என் காலேஜ் பெண்களே போயிருந்தார்கள், மறுநாள் கழுத்தைத் திருப்ப முடியாமல் வகுப்பில் உட்கார்ந்திருந்தார்கள். நீ ராத்திரி வந்து அடுக்களையில் நின்றுகொண்டே தயிர்சாதம் சாப்பிட்டாய், பேசக் குரல் இல்லாமல். நான் ஒவ்வொரு பாட்டாகப் பெயர் சொல்லிச் சொல்லிக் கேட்க, நீ தலையை ஆட்டியே பதில் சொன்னாய். உன் பழைய நண்பர்களும் இதைப் படிக்கிறார்கள், அதனால் அடக்கமாகவே சொல்கிறேன்: எனக்கு ஓபெத்தைக் கொடுத்தது நீ, என்னோடு சேர்ந்து நின்று கேட்கக் கூச்சப்பட்டதும் நீ.

கொடுத்தது நீதான் என்பதை இல்லை என்று சொல்லமாட்டேன். பர்டன் பாட்டின் கடைசியில் ஒருவர் வாசிக்க வாசிக்க இன்னொருவர் கிட்டாரின் முறுக்காணியைத் தளர்த்தி சுருதியைக் குலைத்துக்கொண்டே போவாரே, அதை நாம் செய்து பார்த்தோம். நீ வாசிக்க, நான் திருகினேன். எந்தப் பக்கம் திருகுவது என்று தெரியாமல் இறுக்கிவிட்டேன், கம்பி அறுந்து என் மணிக்கட்டில் அடித்தது. அது உன் நண்பனின் கிட்டார். பழியை நீ ஏற்றுக்கொண்டாய். தழும்பு இன்னும் லேசாக இருக்கிறது.

அப்பாவின் கடைசி மாதங்களைப் பற்றி எழுதவில்லை. நீ வர முடியாததற்குக் காரணங்கள் இருந்தன, அவை உண்மையான காரணங்கள், அதோடு விடுகிறேன். 2019 செப்டம்பரில் இன் காடா வெனேனம் வந்தது, ஸ்வீடிஷில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று. மிக்கேல் முதலில் எழுதியது ஸ்வீடிஷில். அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ராத்திரிகளில் நான் கேட்டதும் அதைத்தான். ஒரு வார்த்தைகூடப் புரியாமல் இருந்தது அப்போது எனக்கு வசதியாக இருந்தது. நீ மட்டும் உன் பிடிவாதத்தை விட்டு அந்த ஆல்பத்தைக் கேட்டிருந்தால், போனில் நமக்குப் பேச மருந்தையும் பத்திரத்தையும் தவிர ஒரு விஷயமாவது இருந்திருக்கும்.

இதில் வேடிக்கையைப் பார். க்ரௌல் திரும்பி வந்த அந்தப் புது ஆல்பம் ஒரு உயிலைப் பற்றியது! முதல் உலகப் போருக்கு அடுத்த காலம், வசதியான வீடு, செத்துப்போன அப்பா, மூன்று பிள்ளைகள் உட்கார்ந்திருக்க உயில் வாசிக்கப்படுகிறது, வாசிக்க வாசிக்க வீட்டு ரகசியங்கள் அவிழ்கின்றன. கடைசிப் பாட்டைத் தவிர எதற்கும் பெயர் கிடையாது, பத்திரத்தில் ஷரத்துக்கு எண் போடுகிற மாதிரி ஒரு குறி, ஒரு எண், அவ்வளவுதான். நம் வீட்டில் அவ்வளவு நடந்தபிறகு நீ எனக்கு அனுப்பியது முதல் ஷரத்து. க்ரௌலைக் கேட்ட குஷியில் வரிகளைக் கவனிக்கவில்லை என்றுதான் நம்புகிறேன். கவனித்துவிட்டுத்தான் அனுப்பினாய் என்றால், உன் ஜோக்குகளில் இதுதான் தேறும்.

உயிலில் பேசுவது அந்த ஒரே அப்பா. உறுமுவதும் அவர்தான், இறங்கி வந்து பாடுவதும் அவர்தான், சில இடங்களில் ஜெத்ரோ டல் குழுவின் இயான் ஆண்டர்சனின் குரலில் வெறுமனே பேசுவதும் அவர்தான். நம் அப்பா கேட்ட "ஏன்"னுக்கு எனக்கு அங்கே ஒரு பதில் கிடைத்தது. செத்த பிறகும் பிள்ளைகளை அதட்டுகிற ஒரு மனிதருக்கு ஒரு குரல் போதவில்லை, அதனால் கத்துகிறார். (நம் அப்பா அப்படிப்பட்டவர் இல்லை. அத்தை, அம்மாவிடம் சொல்லும்போது இந்த வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.)

"வந்துட்டாங்க" என்பதற்கு வருகிறேன். க்ரௌல் இல்லாமல் போனது ஸ்டுடியோவில்தான். ஹெரிட்டேஜ் சுற்றுப்பயணத்தில் கொஞ்ச காலம் மேடையிலும் விட்டுப் பார்த்தார்கள், உன் மாதிரி ஆட்கள் கூச்சல் போட்டார்கள். அப்புறம் பழைய பாட்டுகள் மேடைக்குத் திரும்பிவிட்டன. பெரும்பாலும் டெலிவரன்ஸ் பாட்டை வாசித்துத்தான் கச்சேரியை முடித்தார்கள், நீ மேஜையில் தட்டித் தட்டி அம்மாவின் டம்ளரை உருட்டிவிடுவாயே, அதே முடிவு. நீ இருந்த ஊருக்குப் பக்கத்திலேயே எத்தனை முறை வாசித்திருப்பார்கள்! ஒன்றுக்கும் போகவில்லை. புது ஆல்பத்தில், ஐம்பது வயதை ஒட்டி மிக்கேல் போடும் க்ரௌல் 2001இன் க்ரௌலும் இல்லை. அதைச் சுற்றி வயலின்கள் இருக்கின்றன, புல்லாங்குழல் இருக்கிறது, வால்ட்டெரி வாயரினென் என்கிற புது ஆளின் டிரம்ஸ் இருக்கிறது, ஒவ்வொரு பாட்டும் நாலடி நடந்து திசை மாறுகிறது. ஹெரிட்டேஜிலிருந்து வந்த நாலு ஆல்பத்தில் கற்றுக்கொண்டதெல்லாம் அதில் இருக்கிறது. நீ கேட்காத அதே நாலு.

போன வாரம் நீ அனுப்பிய இரண்டாவது செய்தி: அடுத்த முறை உன் பக்கம் அவர்கள் வந்தால் ரெண்டு டிக்கெட் எடுக்கட்டுமா என்று. பல தடவை எழுதி அழித்தேன். கடைசியில் முடிவு செய்துவிட்டேன். எடு. விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று, நகல் அம்மாவிடம் இருக்கிறது. அதையும் இதையும் முடிச்சுப் போடாதே. கையெழுத்து அம்மாவுக்காகப் போட்டது, உனக்காக இல்லை. டிக்கெட் பணத்தை நானே தருவேன், விசாவையும் நானே பார்த்துக்கொள்வேன்.

அதற்குள் அந்த நாலையும் கேட்டுவை. பேல் கம்யூனியனிலிருந்து ஆரம்பித்தால் உனக்குச் சுலபமாக இருக்கும், ஹெரிட்டேஜைக் கடைசியில் வைத்துக்கொள். புது ஆல்பத்தின் கடைசிப் பாட்டு வரைக்கும் போனாயா என்றும் சொல்லு. உயில் முடிந்தபிறகு ஒரு கடிதம் வருகிறதே, அது. அதில் க்ரௌல் கிடையாது, அதனால் கேட்கிறேன். கச்சேரியில் டாம்னேஷன் பாட்டு வந்தால் பியர் வாங்கப் போகிறேன் என்று நழுவக் கூடாது. உட்கார்ந்து பார்க்கிற டிக்கெட்டும் வேண்டாம். எனக்குத் தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் நிற்கணும், 2009க்கும் சேர்த்து.

உன் தங்கை