மற்ற மூன்று பேர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘2 சிறுவர்கள் உட்பட 5 பேர் கைது’ என்ற தலைப்பு, ஊர்ப் பெயர் மட்டும் மாறி, தங்கள் நாளிதழின் உள்பக்கங்களில் அடிக்கடி வருகிறது. படிப்பவரின் கண் ‘சிறுவர்கள்’ என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறது. இந்தக் காலத்துப் பிள்ளைகள் கெட்டுப்போய்விட்டார்கள், எல்லாம் செல்போனால் வந்த வினை என்று தேநீர்க் கடையிலேயே தீர்ப்பும் சொல்லிவிடுகிறார்கள். வட சென்னையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆசிரியராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு, அந்தத் தலைப்பில் வெறும் எண்ணிக்கையாக நிற்கும் மற்ற மூவரைப் பற்றித்தான் கேட்கத் தோன்றுகிறது.

ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் படித்த மாணவன் ஒருவனுக்குத் தந்தை இல்லை. தாய் மீன் வியாபாரி, இருட்டு விலகுமுன் காசிமேட்டுக்குப் போய்விடுவார். முகூர்த்த நாள்களில் கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறப் போகும் அவன், மறுநாள் முதல் பாடவேளையிலேயே தலை சாய்த்து உறங்கிவிடுவான். முதலில் திங்கள்கிழமைகளில் வராமல் இருந்தான், பிறகு வாரத்தில் மூன்று நாள். அரையாண்டுத் தேர்வுக்குப் பின் வருகைப் பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே வரவில்லை என்ற குறிதான் வரிசையாக ஓடியது. அந்த இடைவெளியில் அவனுக்குச் செல்போன் வாங்கிக் கொடுத்து, ஓட்ட வண்டி கொடுத்து, பசித்த நேரத்தில் பிரியாணியும் வாங்கிக் கொடுத்தவர், தெருவே ‘அண்ணன்’ என்று அழைத்த ஓர் ஆள். ஒரு பொட்டலத்தை அடுத்த தெருவில் கொடுத்துவிட்டு வரச் சொன்னதில் அது தொடங்கியது. “உனக்கு வயசு கம்மி, ஜெயில் கிடையாது” என்று அந்த ஆள் தைரியம் சொன்னதை, பல ஆண்டுகள் கழித்து அவனே என்னிடம் சொன்னான். நான் பதிவேட்டில் குறித்தேன். இருமுறை மாணவர்களை அனுப்பி விசாரித்தேன். வீடு நடந்து போகும் தூரத்தில் இருந்தும் நான் போகவில்லை.

வறுமைதான் காரணம் என்றால் என் வகுப்பில் பாதிப் பேர், குற்றம் சாட்டப்பட்ட சிறுவர்களை வைக்கும் கூர்நோக்கு இல்லத்தில் இருந்திருக்க வேண்டும். வறுமையோடு குடியால் சிதைந்த வீடும், இரவு வேலையும், விட்டுப்போன படிப்பும் சேர்ந்து, அந்த வெற்றிடத்தில் வயதில் மூத்த ஒருவர் வந்து நிற்கும்போதுதான் பையன் கைமாறுகிறான். வறுமையே இல்லாமலும் இது நடக்கும். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பிளஸ் 2 மாணவர் ஒருவரும் அவருடைய தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட வழக்கில் உடன் படித்த மாணவர்களே கைதானார்கள். அங்கே காரணம் சாதி. அதையடுத்து அமைக்கப்பட்ட நீதிபதி கே. சந்துரு குழு, மாணவர்கள் கையில் சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு கட்டுவதைத் தடை செய்யுமாறு 2024 ஜூனில் பரிந்துரைத்தது. அந்தக் கயிற்றின் நிறத்துக்குப் பொருள் கற்றுக்கொடுத்தவர்கள் பிள்ளைகள் அல்லர் என்பதை நாம் அறிவோம்.

சட்டங்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஓட்டை தெரிகிறது. கட்டாயக் கல்வி உரிமை 14 வயதோடு முடிகிறது. 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டமும் 14 வயதுக்கு மேல் அபாயகரமான தொழில்களை மட்டுமே தடுக்கிறது. ஆனால், 16 வயது நிறைந்தவன் மீது கொடுங்குற்றம் சாட்டப்பட்டால், சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முதல்நிலை மதிப்பீட்டுக்குப் பின் அவனைப் பெரியவர்களைப் போலவே விசாரிக்க 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இடமளிக்கிறது. பதினான்கில் கையை விட்டுவிட்டுப் பதினாறில் கழுத்தைப் பிடிப்பது என்ன நியாயம்?

ஒரு சிறுவன் குழுமத்தின் முன் நிறுத்தப்பட்ட 15 நாள்களுக்குள் நன்னடத்தை அலுவலர் சமூக விசாரணை அறிக்கை தர வேண்டும். குடும்பம், படிப்பு, நண்பர்கள், பழக்கவழக்கங்கள் என்று காரணங்களைத் தேடுவதற்கென்றே உள்ள காகிதம் அது. எல்லாம் நடந்து முடிந்த பிறகு எழுதப்படுகிறது. அதில் கேட்கப்படும் விவரங்களில் பெரும்பகுதி வகுப்பாசிரியருக்கு ஓராண்டு முன்னரே தெரியும். ஒன்பதாம், பத்தாம் வகுப்புகளில் தொடர்ந்து இரண்டு வாரம் வராத மாணவனின் பெயர் தானாகவே மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குப் போய்ச் சேர்ந்து, அங்கிருந்து ஒருவர் வீட்டுக்கு நேரில் போகும் ஏற்பாடு வேண்டும். ஆசிரியர்கள் தலையில் இன்னொரு படிவத்தைக் கட்டச் சொல்லவில்லை. அவர்களிடம் ஏற்கெனவே போதுமான படிவங்கள் இருக்கின்றன.

‘அண்ணன்’களுக்கும் சட்டம் இருக்கிறது. சிறாரைச் சட்டவிரோதச் செயல்களுக்குப் பயன்படுத்தும் பெரியவர்களுக்கு 7 ஆண்டு வரை கடுங்காவலும் 5 லட்சம் ரூபாய் அபராதமும் விதிக்க இளைஞர் நீதிச் சட்டத்தின் 83-ஆவது பிரிவு வகை செய்கிறது. போதைப்பொருளைச் சுமக்கவோ விற்கவோ வைத்தால் 78-ஆவது பிரிவு. இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 95-ஆவது பிரிவோ, குற்றம் செய்யச் சிறாரை அமர்த்துபவருக்குக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 10 ஆண்டு சிறை என்கிறது. கைதுச் செய்திகளைத் தவறாமல் படிக்கும் பழக்கம் உள்ள எனக்கு, இந்தப் பிரிவுகளில் ஒன்றைக்கூட அவற்றில் பார்த்த நினைவில்லை.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘2 சிறுவர்கள் உட்பட 5 பேர்’ என்று செய்தி வரும்போது, மற்ற மூவர் மீது இந்தப் பிரிவுகள் சேர்க்கப்பட்டுள்ளனவா என்று காவல் நிலையத்தில் கேட்டு, கிடைக்கும் பதிலைச் செய்தியின் கடைசி வரியாக வெளியிடுமாறு தங்கள் நிருபர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர்,
வட சென்னை.